டின்னா, போத்தலா? கிராஃப்ட் பீர் வாங்குறவங்களுக்கு ஒரு கேள்வி

செந்தூல் வாசி | 2 மார்ச் 2024, இரவு 9.40

நேரா கேக்குறேன். கிராஃப்ட் பீர், அதாவது சின்ன ஆலைங்க காய்ச்சுற பீர் குடிக்கிற ஆளுங்க எல்லாரும் ஏன் டின்னு டின்னுன்னு அலையுறீங்க? டின்ல தகர வாடை அடிக்கும், போத்தல்ல அடிக்காது. கோலாலம்பூர் பங்சார் பக்கம் ஒரு 440 மில்லி டின்னு 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போகுது, வெளிய கார்ட்டூன் படம் வேற. போத்தல்ல வித்ததையே டின்ல அடைச்சு விலைய ஏத்துறாங்கன்னுதான் எனக்குத் தோணுது. இல்லன்னா ஏன்னு சொல்லுங்க. அப்படியே எத வாங்கலாம்னும் சொல்லிடுங்க.

குளிர்பெட்டி | 2 மார்ச் 2024, இரவு 11.15

தம்பி, முதலில் வாடை. டின்னுக்குள் பீர் அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. உள்சுவர் முழுக்க, மூடியின் அடிப்பக்கம் உட்பட, மெல்லிய ரெசின் பூச்சு இருக்கிறது. டின்னோடு வாய் வைத்துக் குடிக்கும்போது மூக்கு மூடிக்கு மேலேயே நிற்கிறது, உதடும் வெறும் உலோகத்தில் படுகிறது. நீங்கள் சொல்லும் வாடை அங்கிருந்துதான் வருகிறது. கிளாஸில் ஊற்றினால் போய்விடும்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். ஒரே பீர், கிட்டத்தட்ட ஒரே தேதி, ஒன்று டின், ஒன்று போத்தல். இரண்டும் ஒரே குளிரில் இருக்கட்டும். வேறொருவர் மூன்று கிளாஸில் ஊற்ற வேண்டும்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது ஒற்றை என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு தடவை சரியாகச் சொன்னால் கணக்கில்லை, குருட்டு அதிர்ஷ்டத்திலேயே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னால் நாக்கை நம்பலாம்.

அடுத்தது வெளிச்சம். பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாக மாறும். ரப்பர் கருகிய மாதிரி, பூனை மூத்திரம் மாதிரி நாறும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் சில பங்கு ஒரு லிட்டர் பீரில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பழுப்புப் போத்தல் இந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சைப் போத்தல் பேருக்குத்தான். வெள்ளைப் போத்தல் வெயிலில் சில நிமிடமே தாங்கும். கடைக் கண்ணாடிப் பெட்டியில் இரவும் பகலும் எரிகிற குழல்விளக்கும் இந்த வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. பச்சைப் போத்தலில் பல வருடம் குடித்தவர்களில் நிறைய பேர் அந்த நாற்றத்தையே வெளிநாட்டு பீரின் ருசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டின்னுக்குள் வெளிச்சம் நுழைய வழியே இல்லை.

விலைக்குக் காரணம் வேறு. நாளைக்கு எழுதுகிறேன்.

பிறைக்கரை | 3 மார்ச் 2024, காலை 8.05

வெளிச்சத்துக்கு டின்னு நல்லது, சரி. ஆனா டின்னுன்னாலே நல்ல பீருன்னு ஆகிடாது. காத்து விஷயத்த விட்டுட்டீங்களே.

போத்தல் மூடிக்குள்ள இருக்கிற மெத்தை வழியா ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ள போகும். டின்னுல மூடிய மடிச்சு அழுத்தின இடத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே போகாது. அந்தக் கணக்குல டின்னு ஜெயிக்குது. ஆனா டின்னோட வாய் அகலம். அடைக்கிற நேரத்துல உள்ள மாட்டுற காத்து போத்தல விட அதிகம். நல்ல ஆலையில டின்னுக்குள்ள மொத்த ஆக்சிஜன் நூறு கோடியில 50 பங்குக்குள்ள நிக்கும். சின்ன ஆலையில, பழைய மெஷின்ல, அதுவே பல நூறு பங்கு வரும். அப்படி அடைச்ச டின்னுக்கு நல்லா அடைச்ச போத்தல் எவ்வளவோ தேவல.

குளிர்பெட்டி | 3 மார்ச் 2024, மதியம் 1.30

அக்கா சொல்வது சரி. உள்ளே நடப்பது இதுதான்.

காலி டின்னைத் தலைகீழாகக் கழுவுவார்கள். நிமிர்த்தி, கரியமில வாயுவை விட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளுவார்கள். நீளக் குழாய் அடிவரை இறங்கி, 0 முதல் 1 டிகிரிக் குளிரில் பீரை அடியிலிருந்து நிரப்பும். மேலே நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும். அந்த நுரை மேலேயே மூடி உட்காரும். சில வினாடிக்குள் இரண்டு உருளைகள், ஒன்றன்பின் ஒன்றாக, மூடி விளிம்பையும் டின் விளிம்பையும் சேர்த்துச் சுருட்டி நசுக்கும்.

கெடுவது எங்கே? பீர் 3, 4 டிகிரிக்கு ஏறினால் நுரை கட்டுக்கடங்காமல் பொங்கி அளவு குறையும். நுரை நெருக்கமாக இல்லாமல் பெரிய குமிழியாக இருந்தால் குமிழிக்கு நடுவில் காற்று தங்கும். மெஷின் நடுவில் நின்றால், நிரம்பி வாய் திறந்து நிற்கிற டின்களைத் தூக்கிப் போட வேண்டும். மனசு வராமல் அதையும் மூடி விற்கிறவர்கள் உண்டு. ஒரே பெட்டியில் ஒரு டின் நன்றாகவும் பக்கத்து டின் மட்டமாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக்சிஜன் முதலில் கெடுப்பது ஹேஸி ஐபிஏ என்ற கலங்கலான, ஹாப்ஸ் மணம் தூக்கலான பீரை. அதில் ஹாப்ஸ் கொட்டிக் கொட்டிப் போடுவார்கள், ஓட்ஸ், கோதுமையும் சேரும். இதோடெல்லாம் சேர்ந்து வரும் பொருள்கள் ஆக்சிஜனோடு சட்டென்று வினைபுரியும். நல்ல டின்னைத் திறந்தால் மாம்பழச் சாறு மாதிரி பளிச்சென்று மஞ்சள். கெட்டுப்போனதில் முதலில் ஒரு சாம்பல் மங்கல், பிறகு ஊதா கலந்த பழுப்பு. வாசனையில் பழம் காணாமல் போய், தேனும் நனைந்த அட்டைப் பெட்டியும் வரும். நிறம் அப்படி மாறியிருந்தால் ருசி பார்த்து ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

செந்தூல் வாசி | 3 மார்ச் 2024, மதியம் 2.10

அண்ணே, 34 வெள்ளி குடுத்து வாங்கின டின்னு நீங்க சொன்ன அதே ஊதா நெறத்துல இருந்துச்சு. ஸ்டைலுன்னு நெனச்சேன்.

குளிர்பெட்டி | 4 மார்ச் 2024, இரவு 10.20

இந்த ஊரில் காற்றைவிடப் பெரிய எதிரி சூடு.

பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றும் ஒரே அளவு பழசாக்கும். தராசில் நிறுத்த கணக்கு இல்லை, ஆனால் போக்கு அதுதான். கோலாலம்பூரில் மதியம் 32 டிகிரி சாதாரணம். கிள்ளான் துறைமுகத்தில் வெயிலில் நிற்கும் சாதாரணக் கண்டெய்னருக்குள் அதைவிடக் கொதிக்கும். குளிர்க் கண்டெய்னரில் வந்து, குளிர்க் கிடங்கில் இறங்கி, கடையிலும் குளிரிலேயே நின்ற டின்னும், அட்டைப் பெட்டியோடு கடையின் பின்கட்டில் கிடந்த டின்னும் தேதியில் ஒன்றாக இருக்கலாம். ருசியில் ஒன்றாக இருக்காது.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது வந்ததிலிருந்து குளிரிலேயே இருக்கா?" மழுப்பினால் ஐபிஏ வாங்காதீர்கள், லாகர் (சாதாரண வெளிர் பீர்) அல்லது ஸ்டவுட் (கறுப்பு பீர்) எடுங்கள். அலமாரியில் வெளியே அடுக்கி, கேட்டால் மட்டும் பின்னாலிருந்து குளிர்ந்த டின் எடுத்துத் தருகிற கடையில், அந்தக் குளிர்ந்த டின்னும் நேற்றுவரை அதே அலமாரியில் நின்றதாகத்தான் இருக்கும்.

குளிர்ந்ததை வெளியே எடுத்து மறுபடி குளிரவைத்தால் கெட்டுவிடும் என்பது வெறும் பேச்சு. குளிரும் சூடும் மாறி மாறி வருவதால் தனியாக ஒன்றும் ஆவதில்லை. சூட்டில் மொத்தம் எத்தனை நாள் கிடந்தது என்பதுதான் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு மணி நேரத்துக்குப் பயப்பட வேண்டாம்.

பிறைக்கரை | 5 மார்ச் 2024, காலை 7.50

அந்த ஒரு மணி நேரம் எங்கேங்கிறதும் முக்கியம். வெயில்ல நிறுத்தின காடியோட பின் டிக்கியில வைக்காதீங்க. சாதாரண டின்னு 6 பார் அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் தாங்குற மாதிரிதான் செய்யுறாங்க. சாதாரண லாகர் 25 டிகிரியில 2 பார் சொச்சம். 60 டிகிரிய நெருங்கும்போது எல்லைக்கிட்ட போயிடும். கேஸ் அதிகமுள்ள கோதுமை பீர் அதுக்கு முன்னாடியே மூடிய வெளிப்பக்கமா துருத்திடும். துருத்தின டின்ன மறுபடி அமுக்கி நேராக்கப் பாக்காதீங்க.

பிறைக்கரை | 5 மார்ச் 2024, காலை 8.15

நசுங்கின டின்னு பத்தியும் சொல்லிடுறேன், கடையில தள்ளுபடி விலைக்குக் கொட்டி வச்சிருப்பாங்க. பக்கவாட்டுல மழமழன்னு பள்ளம்னா கவலையில்ல. கூர்மையா மடிஞ்ச கோடு இருந்தா உள் பூச்சு விரிசல் விட்டிருக்கும். புளிப்பு பீர்னா அந்த இடத்துலயே அரிக்க ஆரம்பிக்கும், உப்பு போட்ட கோஸ் வகைப் புளிப்பு பீர் இன்னும் மோசம். மேல் விளிம்புல அடி பட்டதுன்னா தொடவே தொடாதீங்க, சுருட்டின இடம் விலகியிருக்கும். விரலால விளிம்பச் சுத்தித் தடவுங்க. ஒரு இடத்துல பிசுக்குன்னு ஒட்டினா அது கசிஞ்சு காஞ்ச பீர்.

செந்தூல் வாசி | 5 மார்ச் 2024, இரவு 8.30

இவ்வளவு இருக்கா. சரி, விலை கத என்னாச்சு அண்ணே? நாளைக்குன்னு சொல்லி மூணு நாளாச்சு.

குளிர்பெட்டி | 6 மார்ச் 2024, இரவு 9.00

2016 மார்ச்சில் மலேசியாவில் பீர் மீதான கலால் வரி ஆல்கஹால் அளவைப் பொறுத்ததாக மாறியது: அப்போது வைத்தது சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட். போடுங்கள் கணக்கை. 330 மில்லி, 4.5 விழுக்காடு என்றால் உள்ளே 14.85 மில்லி ஆல்கஹால், வரி 2.60. 440 மில்லி, 6.5 விழுக்காடு என்றால் 28.6 மில்லி, வரி 5 ரிங்கிட். 8 விழுக்காடு டபுள் ஐபிஏ, 330 மில்லி, 4.62. இறக்குமதி வரி, விற்பனை வரி, குளிர்க் கண்டெய்னர் வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேலே. போத்தலானாலும் டின்னானாலும் கலால் ஒன்றுதான். டின்னில் அடைத்ததால் விலை ஏறவில்லை.

டின்னால் உண்மையில் இறங்குவது ஏற்றுக்கூலி. காலி 330 மில்லி டின் 13 கிராம் சுமார், அதே அளவு போத்தல் 200 கிராம் சுமார். 24 அடங்கிய பெட்டி டின்னில் எட்டேகால் கிலோ, போத்தலில் 13 கிலோவை நெருங்கும். டின் ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், உடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ குளிர்க் கண்டெய்னரில் ஏற்றுகிறவருக்கு இது பெரிய பணம். அந்த மிச்சத்தைக் கடையில் குறைத்துத் தருகிறார்களா என்றால், அது வேறு கதை.

கார்ட்டூன் படத்துக்கும் காரணம் உண்டு. டின்னில் நேரடியாக அச்சடிக்க வேண்டுமானால் ஒரு படத்துக்கு ஒரு லாரி அளவாவது எடுக்க வேண்டும், சுமார் 2 லட்சம் டின். அமெரிக்காவில் டின் செய்யும் பால் (Ball) நிறுவனம் 2022-இல் அதை ஐந்து லாரி ஆக்கியது, பத்து லட்சத்துக்கு மேல். சின்ன ஆலைக்கு அது ஆகாத காரியம். வெறும் டின் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அல்லது பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டிச் சுருக்குவார்கள். மாதம் ஒரு புதுப் பீர், ஒரு புதுப் படம் என்று போக முடிவதும் அதனால்தான்.

பிறைக்கரை | 6 மார்ச் 2024, இரவு 10.45

லங்காவியில வரியில்லாம மலிவா கிடைக்குதேன்னு படகேறுறவங்களுக்கு: 48 மணி நேரம் தீவுல தங்கியிருக்கணும், ஆளுக்கு மொத்தம் 1 லிட்டர்தான். 330 மில்லி டின்னுல மூணு, 990 மில்லி. சுங்கத்துக்குப் பத்து மில்லி விட்டுக்கொடுத்த தர்மம் உங்களுக்குச் சேரும். அங்கயும் வெளிய வெக்கையில அடுக்கி வச்ச ஐபிஏ வேணாம். வலுவான ஸ்டவுட் எடுத்தா சூட்டக் கொஞ்சம் தாங்கும்.

செந்தூல் வாசி | 9 மார்ச் 2024, மாலை 6.00

இப்போ பேருங்க வேணும். டின்னுல எது, போத்தல்ல எது? டின்னுல மொத மொத கிராஃப்ட் பீர் போட்டது அமெரிக்காவுல ஓஸ்கர் புளூஸ்தான்னு ஒரு கடைக்காரர் சொன்னாரு, மெய்யா?

குளிர்பெட்டி | 9 மார்ச் 2024, இரவு 11.30

கொலராடோவில் லயன்ஸ் என்ற சிறு ஊரில், 2002-இல், கனடாவின் காஸ்க் நிறுவனத்து மேசை மெஷினை வைத்து, கையால் ஒவ்வொன்றாக டேல்ஸ் பேல் ஏலை அடைத்தார்கள். அதுவரை அமெரிக்காவில் டின் என்றாலே மட்ட பீர் என்ற எண்ணம் இருந்தது. அதை உடைத்தவர்கள் என்று சொல்வது நியாயம். முதல் ஆள் என்று சொல்வதை ஏற்க முடியாது. ஜப்பானில் நகானோ பக்கத்து யோ-ஹோ ஆலை யோனா யோனா ஏலை 1997-இலேயே டின்னில் இறக்கிவிட்டது. டின் பீர் என்பதே 1935-இல் வந்தது. அமெரிக்காவில் ரிச்மண்டில் குரூகர் ஆலையின் பீர் ஜனவரி மாதம் முதலில் விற்பனைக்கு வந்தது.

என் தேர்வு இது. எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

டின்னில்: பில்ஸ்னர் உர்குவெல். பச்சைப் போத்தலில் இதை வாங்குவது காசைக் கரியாக்குவது. டின்னில்தான் சாஸ் ரக ஹாப்ஸின் புல் வாசமும் ரொட்டி மணமும் முழுசாக வரும். சியரா நெவாடா பேல் ஏல் டின், காஸ்கேட் ஹாப்ஸ் எப்படி மணக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஸ்டோன் அண்ட் வுட் பசிபிக் ஏல், 4.4 விழுக்காடு, கேலக்ஸி ஹாப்ஸ், நம் வெயிலுக்கென்றே செய்த மாதிரி; ஆனால் புதிதாக இருக்க வேண்டும். ஹேஸி எதுவானாலும் டின், அடைத்து மூன்று மாதத்துக்குள்.

போத்தலில்: ஓர்வால். அதில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் போத்தலுக்குள்ளேயே மாதக்கணக்கில் வேலை செய்கிறது. புதுசு கசப்பாகவும், ஒரு வருடம் போனது தோல், வைக்கோல் மணத்தோடும் வேறு பீராகவே இருக்கும். இந்த மாதிரி பெல்ஜியப் போத்தல்களில் கேஸ் மிக அதிகம், அதைத் தாங்கத்தான் தடித்த கண்ணாடி. இவற்றை டின்னுக்கு மாற்றச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.

பிறைக்கரை | 10 மார்ச் 2024, காலை 9.10

சியரா நெவாடா பத்தி ஒரு சேர்க்கை. அது டின்னானாலும் உள்ள கொஞ்சம் ஈஸ்ட் உயிரோட இருக்கும், கேஸ் அதாலதான் வருது. அந்த ஈஸ்ட் மிச்ச ஆக்சிஜனையும் தின்னுடும். "ஈஸ்ட் போட்டு முடிக்கிற பீரெல்லாம் போத்தல்லதான்"னு எடுத்துக்கக் கூடாது. கேஸ் எவ்வளவு, டின்னு தாங்குமாங்கிறதுதான் கேள்வி.

வெர்மான்ட் அல்கெமிஸ்ட் ஆலையோட ஹெடி டாப்பர் டின்னுல "டின்னிலிருந்தே குடியுங்கள்"னு அச்சடிச்சிருக்கும். எனக்கு அதுல உடன்பாடில்ல. வாசனை பாதிக்கு மேல கிளாஸ்லதான் எழும்புது. குடிச்சு முடிக்கிற வரைக்கும் மூடியே மூக்க அடைச்சுக்கிட்டு இருந்தா அவ்வளவு ஹாப்ஸ் எதுக்கு?

பூச்சோங் அடுப்பு | 10 மார்ச் 2024, மதியம் 12.40

கின்னஸ் டின்னுக்குள்ள ஒரு உருண்டை உருளுதே, அத யாரும் சொல்லலயே?

குளிர்பெட்டி | 10 மார்ச் 2024, மதியம் 1.00

அது கின்னஸ் டிராட் என்ற வகையின் டின்னில் மட்டும். நம்மூரில் விற்கும் கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ராவில் கிடையாது. அந்தப் பிளாஸ்டிக் உருண்டைக்குள் நைட்ரஜனும் கொஞ்சம் பீரும் அழுத்தத்தில் இருக்கும். திறந்ததும் வெளி அழுத்தம் விழும், உருண்டையின் சின்னத் துளை வழியே உள்ளிருப்பது பீறிட்டு வந்து பீரைக் கலக்கும், நைட்ரஜன் பொடிக் குமிழியாகப் பிரியும். நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், மூன்று மணி நேரமாவது. வெதுவெதுப்பில் திறந்தால் பாதி சட்டையில். திறந்தவுடன் நிறுத்தாமல் முழுதையும் ஊற்ற வேண்டும்; கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தை வைத்தால் அந்த நுரை திரும்பாது.

பூச்சோங் அடுப்பு | 16 மார்ச் 2024, இரவு 8.20

சாப்பாட்டுப் பக்கம் ஒரு வார்த்தை. வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கசப்பான ஐபிஏ வாங்கி வச்சுட்டு "காரம் தூக்கிடுச்சு"ன்னு புலம்புறவங்க நிறைய. கசப்பும் மிளகாயும் ஒண்ண ஒண்ணு ஏத்திவிடும். ஆல்கஹால் 7 விழுக்காட்டத் தாண்டினா எரிச்சல் இன்னும் கூடும். ஆட்டுப் பெரட்டலுக்கு இனிப்பு ஓரளவு உள்ள ஸ்டவுட் அல்லது பிரவுன் ஏல். பொரிச்ச மீனுக்கும் மோர் மிளகாய்க்கும் கோதுமை பீர். மீன் தலைக் கறியோட புளிக்குப் புளிப்பு பீர் எடுபடாது, ரெண்டு புளியும் சண்டை போடும். முறுக்கு, கச்சாங் பூத்தே மாதிரி கடலை நொறுக்குத் தீனிக்குத்தான் ஐபிஏ.

செந்தூல் வாசி | 16 மார்ச் 2024, இரவு 8.55

காரமே இல்லாத முறுக்குக்கு 30 வெள்ளி பீரா. நடத்துங்க.

குளிர்பெட்டி | 23 மார்ச் 2024, இரவு 9.45

குளிரவைப்பது, ஊற்றுவது. இதில்தான் நல்ல பீர் வீணாகிறது.

அவசரத்துக்கு ஃப்ரீசர் வேண்டாம். 5 விழுக்காடு பீர் சைபருக்குக் கீழே 2, 3 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், மறந்தால் மூடி பிதுங்கி வெடிக்கும். வாளியில் ஐஸ் கட்டி இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, தண்ணீர் லிட்டருக்கு 100 கிராம் உப்பு. டின் முழுதும் மூழ்கட்டும். இடையிடையே மெதுவாகத் திருப்பிவிடுங்கள், குலுக்காதீர்கள். சுமார் பத்து நிமிடத்தில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். போத்தலுக்குக் கண்ணாடி தடிப்பு, நேரம் கூடப் பிடிக்கும்.

திறப்பதற்கு முன் மூடியைக் குழாயடியில் கழுவித் துடையுங்கள். டின் மூடியில் எலி மூத்திரம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை அப்படியே நம்பத் தேவையில்லை, ஆனால் கிடங்குத் தூசு நிஜம்.

கிளாஸ்தான் பெரிய வில்லன். மைலோவும் பால் தேநீரும் குடித்த கிளாஸை எவ்வளவு கழுவினாலும் பால் கொழுப்பு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். பீர் ஊற்றினால் நுரை அரை நிமிடத்தில் படுத்துவிடும், பக்கச் சுவரில் குமிழி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பீரில் கேஸ் இல்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். சரிபார்க்க: கிளாஸை உள்ளே நனைத்து, கவிழ்த்து உதறி, பொடி உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும், கொழுப்புள்ள இடம் வெறுமையாகத் தெரியும். சமையல் சோடா போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்துக் காயவையுங்கள். பீருக்கென்று தனி கிளாஸ் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

440 மில்லியை ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். பாதி போதும், மீதி டின்னோடு குளிரில் இருக்கட்டும். ஐபிஏ 7, 8 டிகிரியில் மணக்கும், வலுவான ஸ்டவுட் 10-க்கு மேல். நம் ஊரில் 5 டிகிரியில் ஊற்றினால் அது தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடும்.

பிறைக்கரை | 24 மார்ச் 2024, காலை 10.30

கிராஃப்ட் பீர்ல ஐஸ் கட்டி போடாதீங்கன்னு யாராவது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: லாகருக்குப் போடுங்க, யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. ஹாப்ஸ் பீருக்குப் போட்டா வாசனை அடங்கி, தண்ணி மட்டும் கூடும். அவ்வளவுதான்.

செந்தூல் வாசி | 6 ஏப்ரல் 2024, இரவு 10.10

அவசரம். பழக்கூழ் போட்ட புளிப்பு பீர் டின்னு நாலு வாங்கி அலமாரியில வச்சேன். இப்போ ரெண்டு உப்பி நிக்குது, தொட்டா கல்லு மாதிரி இருக்கு. திறக்கலாமா?

பிறைக்கரை | 6 ஏப்ரல் 2024, இரவு 10.25

திறக்காதீங்க! மூஞ்சிய தள்ளி வச்சுக்கிட்டு, தடிச்ச துண்டு சுத்தி, நாலையும் வாளிக்குள்ள வச்சு மூடி, குளிர்ச் சாதனப் பெட்டியோட அடித்தட்டுல வச்சிடுங்க. ஒரு நாள் முழுக்க அங்கயே இருக்கட்டும். குளிர்ல கேஸ் பீருக்குள்ள கரைஞ்சு அழுத்தம் இறங்கும். அப்புறம் துண்டோட, தொட்டிக்குள்ள, வளையத்த மெல்ல மெல்லத் தூக்குங்க.

காரணம்: ஈஸ்ட் வேலைய முடிச்ச பிறகு பழக்கூழ் போட்டிருக்காங்க, சூடுகாட்டிக் கிருமி கொல்லல. அந்தச் சர்க்கரைய மிச்சமிருக்கிற ஈஸ்ட் டின்னுக்குள்ளயே தின்ன ஆரம்பிக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளிச்சா சுமார் 2 கிராம் கேஸ் வரும். சாதாரண பீர்ல இருக்கிறதே 5 கிராம்தான். பழக்கூழ் போட்டா லிட்டருக்கு 10, 20 கிராம் சர்க்கரை சுலபமா சேந்துடும். கள்ளுன்னா பானையில பொங்கி வழியும், டின்னுல வழிய எடமில்ல. நல்ல ஆலைங்க டின்னுலயே "எப்போதும் குளிரில் வைக்கவும்"னு போட்டிருப்பாங்க. அது ருசிக்காகச் சொல்றதுன்னு நெனச்சுடறோம்.

குளிர்பெட்டி | 6 ஏப்ரல் 2024, இரவு 11.00

அக்கா சொன்னபடி செய்யுங்கள். பெட்டாலிங் ஜெயா, ஜார்ஜ்டவுன் பக்கம் குழாய் பீர் விற்கும் இடங்களில் அங்கேயே நிரப்பி மூடித் தரும் ஒரு லிட்டர் பக்கத்து பெரிய டின்னுக்கும் இதே எச்சரிக்கை. கவுண்டரில் கைமெஷினால் சுருட்டுவது. நிரப்பும்போது காற்று தாராளமாக உள்ளே போயிருக்கும். அதைச் சேமித்து வைக்கிற டின்னாக நினைக்காதீர்கள். அன்றைக்கே, மிஞ்சினால் இரண்டு மூன்று நாளில் குடித்துவிட வேண்டும். திறந்தால் மறுபடி மூட வழியில்லை, அதனால் ஆள் கூட்டிக்கொள்ளுங்கள்.

2017-இல் கோலாலம்பூர் பப்ளிக்கா பேரங்காடியில் நடக்கவிருந்த பெட்டர் பீர் விழாவுக்கு மாநகர மன்றம் அனுமதி மறுத்தது நினைவிருக்கலாம். விழா இருந்தால் ஒரே மாலையில் சின்னச் சின்ன கிளாஸில் பத்துப் பதினைந்து ருசி பார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் வாங்கலாம். அது இல்லாத ஊரில் நான்கு பேர் நான்கு வேறு டின் வாங்கிப் பகிர்ந்துகொள்வதே மலிவான வழி.

செந்தூல் வாசி | 8 ஏப்ரல் 2024, காலை 7.30

துண்டு சுத்தித் திறந்தேன். கூரை தப்பிச்சுது, சுவர் ராஸ்பெரி கலர்.

பூச்சோங் அடுப்பு | 8 ஏப்ரல் 2024, காலை 9.00

காலி டின்ன என்ன பண்ணுறீங்க? பழைய பேப்பர் லாரிக்காரர் எங்க தெருவுல டின்னு எடுக்குறாரு, ஆனா சிலத வேணாம்னு தள்ளிடுறாரு.

பிறைக்கரை | 8 ஏப்ரல் 2024, மதியம் 1.15

தள்ளுறது பிளாஸ்டிக் உறை போட்டதா இருக்கும். டின்னு மேல அச்சா உறையான்னு நகத்தால விளிம்புல கீறிப் பாருங்க. உறைன்னா கத்தியால மேலிருந்து கீழ ஒரு கோடு கிழிச்சா உரிஞ்சு வந்துடும். உரிச்ச பிறகு அதுவும் சுத்த அலுமினியம்தான். தாதுவிலிருந்து புதுசா எடுக்கிறதுக்கு ஆகுற மின்சக்தியில 5 விழுக்காடு இருந்தாலே பழைய அலுமினியத்த உருக்கிடலாம், அதனாலதான் கிலோவுக்கு விலை குடுக்குறாங்க. கண்ணாடிப் போத்தலுக்கு அவர் நிக்கவே மாட்டாரு.

செந்தூல் வாசி | 20 ஏப்ரல் 2024, இரவு 9.20

இப்பல்லாம் மொதல்ல டின்ன கவுத்து தேதியத்தான் பாக்குறேன். இன்னிக்கு ஒரு அமெரிக்க ஐபிஏவுல அடியில 24086னு மட்டும் இருக்கு. கடைக்காரருக்கும் தெரியல.

குளிர்பெட்டி | 20 ஏப்ரல் 2024, இரவு 9.50

முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2024-இன் 86ஆவது நாள், இந்த ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள், ஆக மார்ச் 26. அது அடைத்த தேதி, காலாவதித் தேதி இல்லை. சில ஆலைகள் ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் போடும், அப்போது 4086 என்று இருக்கும். இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்காவிலிருந்து இவ்வளவு சீக்கிரம் வந்திருந்தால் பெரும்பாலும் விமானத்தில் வந்த சரக்கு. குளிர்ப் பெட்டியில்தான் இருந்தது என்றால் இரண்டாக எடுங்கள்.

செந்தூல் வாசி | 20 ஏப்ரல் 2024, இரவு 9.55

குளிர்லதான் இருந்துச்சு. ஆனா ரெண்டு எடுக்க முடியாது, ஒண்ணு 38 வெள்ளி.